மிசிசிப்பியின் முத்துப் பொத்தான்: ஒரு கைத்தொழிலும் ஓர் ஆற்றின் உயிரும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் மஸ்கட்டீன் என்ற சிறுநகரம் இருக்கிறது. 1905இல் அந்த ஊரிலிருந்து சுமார் 150 கோடி பொத்தான்கள் வெளியே போயின. அந்த ஆண்டு உலகம் முழுவதும் செய்யப்பட்ட பொத்தான்களில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். உலகத்தின் முத்துப் பொத்தான் தலைநகரம் என்று ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. 1910இல் அங்கே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 16,000 பேர். பொத்தானோடு தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா சிப்பி வெட்டுவார்; அக்கா ஆலையில் இயந்திரத்தின் முன் இருப்பாள்; அம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் பொத்தான்களை அட்டையில் வைத்துத் தைப்பார்கள்.

இத்தனையும் நடந்தது ஆற்றடியில் கிடந்த மட்டிகளை நம்பி. முத்துப் பொத்தான் என்றதும் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி நம் நினைவுக்கு வரலாம். மஸ்கட்டீன் பொத்தான் அதிலிருந்து வந்ததல்ல. நன்னீரில் வாழும் தடித்த ஓட்டு மட்டியின் உட்புறத்தில் இருக்கும் பளபளப்பான படலத்தைக் கடைந்து எடுத்ததே அந்தப் பொத்தான். மட்டி உயிரோடு பெருகும் வரைதான் தொழிலும் பெருகும். இந்த எளிய உண்மையை அந்தத் தொழில் எப்போது அறிந்தது, அறிந்த பிறகு என்ன செய்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தந்தை வழி வந்த கடைசல் வேலை

இத்தொழிலை அங்கே தொடங்கியவர் ஜான் ஃபிரெடரிக் பெப்ளி. ஜெர்மனியில் ஹாம்பர்க்கை ஒட்டிய ஓட்டன்சன் என்ற ஊர்க்காரர். கொம்பு, எலும்பு, மரம், கடற்சிப்பி என எதைக் கொடுத்தாலும் கடைசல் எந்திரத்தில் வைத்துப் பொத்தானாக்கும் கைவினைஞர். தந்தை வழியில் கற்ற தொழில் அது. காலால் மிதித்துச் சுழற்றும் எந்திரம், கூரான உளி, பொருளின் தன்மையை விரல் நுனியில் அறியும் பழக்கம் ஆகியவையே அவருடைய முதலீடு.

அமெரிக்காவின் ஏதோ ஓர் ஆற்றிலிருந்து வந்த சில சிப்பிகள் ஓட்டன்சனில் இருந்தபோதே அவர் கைக்குக் கிடைத்தன. சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஆறு என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஓடு தடிப்பாகவும் வெண்மையாகவும் இருந்தது, கடைவதற்கும் இணங்கியது. மனைவியை இழந்திருந்த அவர் 1887இல் கப்பலேறினார். இல்லினாய் மாநிலத்தில் பண்ணைக் கூலியாக வேலை பார்த்துக்கொண்டே ஆறு ஆறாகத் தேடினார். சங்கமன் ஆற்றில் குளிக்க இறங்கியபோது காலில் ஏதோ கிழித்தது. குனிந்து பார்த்தால், தேடி வந்த சிப்பிகள் ஆற்றடி முழுக்கக் கிடந்தன. இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சிப்பி கிடைத்தும் தொழில் உடனே அமையவில்லை. பிரிட்டனின் பர்மிங்காமிலும் ஆஸ்திரியாவின் வியன்னாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பொத்தான் செய்த குடும்பங்கள் கடற்சிப்பிப் பொத்தானை மலிவாக அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த விலைக்கு உள்ளூரில் செய்து விற்க முடியாது. 1890இல் வந்த மெக்கின்லி தீர்வைச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. இறக்குமதிப் பொத்தான்மீது தீர்வை ஏறியதும் உள்ளூர்ப் பொத்தானுக்கு இடம் பிறந்தது. 1891இல் பெப்ளி மஸ்கட்டீனில் பட்டறை தொடங்கினார். வாஷிங்டனில் எழுதிய ஒரு வரியால் அயோவாவில் ஒரு தொழில் பிறந்தது. அதே வரியால் பர்மிங்காமிலும் வியன்னாவிலும் பட்டறைகளில் வேலை குறைந்தது.

மஸ்கட்டீன் அதுவரை மர ஊர். வடக்கே விஸ்கான்சின், மின்னசோட்டா காடுகளில் வெட்டிய பைன் மரங்கள் ஆற்றில் மிதந்து வர, அவற்றை அறுக்கும் ஆலைகளே ஊருக்குச் சோறு போட்டன. பெப்ளி வந்த காலத்தில் அந்தக் காடுகள் தீர்ந்துகொண்டிருந்தன. அறுப்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படும் நாள் நெருங்கியது. ஒரு மூலப்பொருள் தீர்ந்தால் ஊர் என்ன ஆகும் என்பதைக் கண்முன் கண்ட மக்கள்தான் அடுத்ததாக மட்டியைப் பிடித்தார்கள்.

ஆற்றடியிலிருந்து பட்டறைக்கு

மட்டி பிடிக்கும் முறை மட்டியின் இயல்பை அறிந்து அமைந்தது. தட்டையான அடிப்பக்கம் கொண்ட படகிலிருந்து ஒரு நீண்ட இரும்புக் கம்பியை ஆற்றடிக்கு இறக்குவார்கள். அதிலிருந்து தொங்கும் கயிறுகளில், காக்கைக்கால் போலப் பிரிந்த நான்கு முனைக் கம்பிக் கொக்கிகள் நூற்றுக்கும் மேல் கட்டியிருக்கும். மட்டி ஆற்றடியில் பாதி புதைந்து, நீரை உள்ளே விட்டு உணவை வடித்தெடுப்பதற்காக ஓட்டைச் சற்றே திறந்து வைத்திருக்கும். கொக்கி உள்ளே பட்டதும் ஆபத்து என்று இறுக மூடிக்கொள்ளும். தற்காப்புக்காக மூடிய ஓடே அதைப் படகுக்கு ஏற்றிவிடும். படகை இழுக்கக் காற்றோ துடுப்போ போதாத இடத்தில், நீருக்கடியில் பாய் போன்ற ஒரு தட்டியைக் கட்டி நீரோட்டத்தையே இழுக்க வைத்தார்கள். அந்தத் தட்டிக்கு அவர்கள் வைத்த பெயர் கோவேறு கழுதை.

கரையில் கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்குவார்கள். பிடித்த மட்டியை நீராவித் தொட்டியில் அவித்து, வாய் பிளந்ததும் சதையைப் பிரித்தெடுப்பது பெண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. சதைக்குள் விரலை விட்டு முத்து இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். எப்போதாவது ஒன்று கிடைத்தால் ஒரு பருவத்துச் சம்பாத்தியத்தையும் அது தாண்டிவிடும். சதை பன்றிக்கு இரையாகும். ஓடு எடைக்கு விற்கப்படும். மட்டி வகைகளுக்கு இவர்கள் இட்ட பெயர்களில் ஆற்றோடு பழகிய கண் தெரிகிறது: சலவைப்பலகை, பன்றிக்கால், குரங்குமுகம், மேப்பிள் இலை. பொத்தானுக்கு மிகச் சிறந்தது எபோனி. கறுத்த வெளித்தோலும், உள்ளே அப்பழுக்கில்லாத வெண்மையும், சீரான தடிப்பும் கொண்ட ஓடு அது.

அந்தப் பளபளப்பின் காரணம் ஓட்டின் கட்டமைப்பில் இருக்கிறது. சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட்டின் நுண்தகடுகள், செங்கல்லும் சாந்தும் போல, மெல்லிய புரதப் படலங்களுக்கு இடையே அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு தகடும் ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கிய தடிப்பு உடையது. அதனால் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. அதே அடுக்கமைப்பு ஓட்டுக்கு வலுவும் தருகிறது. துளையிட்டாலும் நூல் இழுத்தாலும் உடையாத பொத்தான் கிடைப்பது அதனால்தான். ஓர் உயிர் பல ஆண்டுகள் படலம் படலமாகச் சுரந்து கட்டிய பொருள் அது.

பட்டறைக்கு வந்த ஓட்டை முதலில் அளவு வாரியாகப் பிரித்து, நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். காய்ந்த ஓடு வெட்டும்போது நொறுங்கும். பிறகு, பல் வைத்த இரும்புக் குழாயான குழாய் ரம்பம் வேகமாகச் சுழல, அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, வெட்டுபவர் ஓட்டை இடுக்கியால் அழுத்திப் பிடிப்பார். வட்டச் சில்லு ஒன்று உள்ளே வந்து விழும். ஓட்டின் எந்த இடத்தில் எந்த அளவு சில்லு கிடைக்கும், எங்கே நிறம் மங்குகிறது, எங்கே தடிப்பு போதாது என்பதை ஒரே பார்வையில் கணிப்பதுதான் அவருடைய திறமை. அளவை லைன் என்று சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். சில்லின் முதுகைத் தேய்த்துச் சமன் செய்து, முகத்தில் குழிவு கடைந்து, துளையிட்டு, பியூமிஸ் கல்தூளும் அமிலமும் சேர்த்துச் சுழல் தொட்டியில் உருட்டி மெருகேற்றுவார்கள். கடைசியில் பெண்கள் தரம் பிரிப்பார்கள். ஒரு மட்டியில் சில பொத்தான்களே தேறும். வட்டவட்டமாகத் துளைபட்ட மிச்ச ஓடு குவியல் குவியலாகச் சேர்ந்து, சாலை நிரப்பவும் கோழித் தீவனமாக அரைக்கவும் போனது.

பெப்ளியின் காலத்தில் கடைவதும் துளைப்பதும் கைவேலை. 1904இல் அயர்லாந்து வழிவந்த பாரி குடும்பத்தார் மஸ்கட்டீனிலேயே இரட்டைத் தானியங்கி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். முகம் கடைவதும் துளையிடுவதும் ஒரே சுழற்சியில் முடிந்தன. சில்லை அதன் பிடியில் எடுத்து வைப்பதுதான் மனிதர் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலைக்குப் பெரும்பாலும் இளம்பெண்களை அமர்த்தினார்கள். கையால் செய்ததே நல்ல பொத்தான் என்று நின்ற பெப்ளி, தான் தொடங்கிய தொழிலிலேயே பின்தங்கி, நிறுவனத்தின்மீது இருந்த பிடியையும் இழந்தார். தந்தை கற்றுத்தந்த வித்தை ஒரு மனிதருடைய வாழ்நாளுக்குள்ளேயே விலை இழந்துபோனது.

ஒரு குரோஸுக்கு 14 டஜன்

வெட்டுபவருக்குக் கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்பது 12 டஜன், அதாவது 144. ஆனால் மஸ்கட்டீன் ஆலைகளில் ஒரு குரோஸ் கூலி பெற 14 டஜன் சில்லுகளைக் கொடுக்க வேண்டும். சேதாரத்துக்கு ஈடு என்பது முதலாளிகள் சொன்ன காரணம். கொடுத்தவற்றில் எது நல்லது, எது சேதாரம் என்று தீர்மானிப்பதும் அவர்கள் ஆளே. 168 சில்லுகளுக்கு உழைத்து 144க்குக் கூலி வாங்கினால், ஏழு நாள் உழைத்து ஆறு நாள் கூலி பெற்ற கணக்கு. ஓட்டைச் சரியாகத் தேர்ந்து கொடுக்காததால் வரும் குறையும் வெட்டுபவர் தலையில்தான் விழுந்தது. இவற்றோடு சிப்பித்தூளைச் சுவாசித்து வந்த நெஞ்சுக் கோளாறு, கண்ணில் தெறித்த துகள், ஈரத்திலேயே இருக்கும் கைகளில் வெட்டுப்பட்டுச் சீழ்வைத்த புண் ஆகியவையும் இந்தத் தொழிலின் விலையில் அடங்கியவை. அந்த விலை எந்தப் பொத்தான் அட்டையிலும் அச்சாகவில்லை.

1910இல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். 1911 பிப்ரவரியில் ஆலைகள் கதவடைத்தன. சுமார் 2,500 பேர் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் ஆளுநர் பெரில் கேரல் படையை அனுப்பினார். உடன்பாடு ஏற்பட்டது, முறிந்தது, மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1912இல் போராட்டம் ஓய்ந்தபோது சங்கம் தளர்ந்திருந்தது. இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் பேர்ல் மெகில், பதின்பருவத்துப் பெண். அவர் பெயருக்கே முத்து என்று பொருள். 1912இல் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற நெசவாலை வேலைநிறுத்தத்திலும் அவர் பங்கேற்றார்.

ஊர் இரண்டுபட்டுக் கிடந்த அந்தச் சண்டை ஒரு பொத்தானின் வருவாயை யார் எப்படிப் பங்கிடுவது என்பது பற்றியது. பங்கிடுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு மட்டி இருக்கும் என்ற கேள்விக்கு மேசையின் இரு பக்கத்திலும் ஆளில்லை.

மட்டிக்குத் தேவையான மீன்

அந்தக் கேள்விக்கான விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 1899இல் அமெரிக்க மீன்வள ஆணையத்தின் ஹியூ ஸ்மித் வெளியிட்ட அறிக்கை, தொழில் பிறந்து எட்டே ஆண்டுகளில் மட்டிப் படுகைகள் அழிவதைப் பதிவு செய்கிறது. மஸ்கட்டீனுக்குக் கீழே நியூ பாஸ்டன் அருகில் ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள ஒரே படுகையிலிருந்து மூன்று ஆண்டுகளில் சுமார் 10,000 டன் ஓடு எடுக்கப்பட்டது. உயிர்க்கணக்கில் சுமார் 10 கோடி மட்டிகள். படுகை தீர்ந்ததும் தொழில் அடுத்த ஆற்றுக்கு நகர்ந்தது. இல்லினாய், வபாஷ், ஆர்கன்சாவின் கறுப்பாறு என்று கரையோர ஊர்களில் வெட்டுப் பட்டறைகள் முளைத்தன. சில்லுகள் மூட்டையாக மஸ்கட்டீனுக்கு வந்தன. சிப்பி தீரும்போது பட்டறை மூடும். வெட்டுபவர் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும்.

விட்டுவைத்தால் மட்டி தானே பெருகிவிடாதா? அது அவ்வளவு எளிதல்ல. நன்னீர் மட்டியின் இனப்பெருக்கம் உயிரியலின் வியப்புகளில் ஒன்று. தாய் வெளிவிடும் நுண்ணிய இளவுயிரிகள் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொண்டு, அங்கே சில வாரங்கள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, உருமாறிய பிறகே ஆற்றடியில் விழுந்து மட்டியாகும். எந்த மீனும் போதும் என்பதில்லை. பல மட்டி இனங்களுக்கு அவற்றுக்கென்று உரிய மீன் வேண்டும். சில இனங்களின் தாய் தன் சதை விளிம்பைச் சிறுமீன் வடிவில் அசைத்துப் பெரிய மீனைக் கவர்ந்து இழுக்கும். இரை என்று நெருங்கும் மீன்மேல் இளவுயிரிகளைத் தூவிவிடும். அப்படி விழுந்த மட்டி பொத்தான் வெட்டும் அளவுக்கு வளர ஆண்டுகள் பல ஆகும்.

இந்த அறிவைத் தொழிலுக்குப் பயன்படுத்த முடியுமா என்று மிசௌரி பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் லெஃபெவ்ரும் விண்டர்டன் கர்டிஸும் ஆராய்ந்தார்கள். மீன்களைத் தொட்டியில் விட்டு, மட்டி இளவுயிரிகளைச் செவுளில் பற்ற வைத்து, மீண்டும் ஆற்றில் விடும் முறையை அவர்கள் வகுத்தார்கள். 1908இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தர, பொத்தான் உற்பத்தியாளர்கள் சங்கம் நிலம் கொடுக்க, மஸ்கட்டீனுக்குச் சற்று மேலே ஃபேர்போர்ட்டில் ஓர் உயிரியல் நிலையம் எழுந்தது. ராபர்ட் கோக்கர் தலைமையில் அங்கே நடந்த ஆய்வுகள் இன்றும் மட்டி உயிரியலின் அடித்தளமாக நிற்கின்றன.

பட்டறையை இழந்த பெப்ளி தம் கடைசி ஆண்டுகளில் வேலைக்குச் சேர்ந்தது இந்த நிலையத்தை நடத்திய மீன்வளத் துறையில்தான். எந்த ஆற்றில் எந்த மட்டி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுப்பது அவர் பணி. இந்தியானாவின் ஆறு ஒன்றில் இறங்கிப் பார்த்தபோது சிப்பி ஓடு காலைக் கிழித்தது. புண் விஷமேறி, 1912இல் அவர் இறந்தார். அந்தக் கைவினைஞர் தம் வாழ்வின் கடைசிப் பகுதியை மட்டியைக் காப்பாற்றும் வேலைக்குக் கொடுத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழிலின் அடிமண் கரைவதை அவரால் பார்க்க முடிந்தது; உற்பத்தி எண்ணிக்கையால் ஊரை அளந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 1916இல் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 4 கோடி குரோஸ் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சம் புதிய ஆறுகளைத் தோண்டி எட்டிய உச்சம்.

அதற்குள் வேறோர் அடியும் விழுந்திருந்தது. 1913இல் மஸ்கட்டீனுக்குக் கீழே கியோகக்கில் மிசிசிப்பியின் குறுக்கே மின்னுற்பத்தி அணை எழுந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து மேலேறி வரும் ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் என்ற மீனால் அந்த அணையைத் தாண்ட முடியவில்லை. எபோனி மட்டியின் இளவுயிரிகளைச் சுமப்பது அந்த மீன்தான். அணைக்கு மேலே இருந்த எபோனி மட்டிகள் உடனே சாகவில்லை. பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. ஆனால் அவற்றுக்கு வாரிசு இல்லாமல் போனது. கொக்கி படாத படுகையிலும் கிழட்டு மட்டிகளே மிஞ்சின. நகரங்களின் கழிவும், உழுத நிலங்களிலிருந்து வந்த வண்டலும் மற்ற இனங்களையும் நெருக்கின. ஃபேர்போர்ட் எத்தனை கோடி இளவுயிரிகளை மீனில் ஏற்றி விட்டாலும், அவை விழுந்து வளர வேண்டிய ஆற்றடி முன்போல் இல்லை.

பிளாஸ்டிக்குக்குப் பிறகு

சிப்பிப் பொத்தானைப் பிளாஸ்டிக் கொன்றது என்று சுருக்கமாகச் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் பொத்தான் மலிவாகவும் ஒரே சீராகவும் வந்தது. சலவை இயந்திரத்தையும் கடும் சோப்புத்தூளையும் சிப்பி தாங்கவில்லை. ஜிப் பல இடங்களில் பொத்தானையே விலக்கியது. 1960களின் முடிவோடு மஸ்கட்டீனில் சிப்பிப் பொத்தான் உற்பத்தி ஓய்ந்தது. சில பழைய குடும்ப நிறுவனங்கள் பிளாஸ்டிக்குக்கு மாறிப் பிழைத்தன. ஆனால் பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே நல்ல ஓடு அரிதாகி, தூரமாகி, விலை ஏறியிருந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த தொழிலைத்தான் அது வீழ்த்தியது.

மிஞ்சிய மட்டிகளுக்கு அப்போதும் ஓய்வு கிடைக்கவில்லை. ஜப்பானின் வளர்ப்பு முத்துத் தொழில், முத்துச்சிப்பிக்குள் வைக்கும் கருமணிக்கு மிசிசிப்பி மட்டியின் தடித்த ஓட்டையே நாடியது. கடைகளில் விற்ற வளர்ப்பு முத்துகள் பலவற்றின் நடுவே அமெரிக்க ஆற்று மட்டியின் உருண்டை இருந்தது. நம் நாட்டிலும் பீகாரின் கிழக்குச் சம்பாரண் மாவட்டத்து மெஹ்சியில் புர்ஹி கண்டக் ஆற்றுச் சிப்பியை நம்பிக் குடும்பங்கள் பொத்தான் செய்து வந்திருக்கின்றன. அங்கும் தொழில் சுருங்கிவிட்டது. எந்த ஊரானாலும் ஆற்றின் நலமும் பட்டறையின் நலமும் ஒரே கணக்கில் எழுத வேண்டியவை.

வட அமெரிக்காவில் சுமார் 300 நன்னீர் மட்டி இனங்கள் உண்டு. உலகில் வேறெங்கும் இத்தனை வகை இல்லை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு இன்று ஏதோ ஒரு வகையில் ஆபத்தில் இருக்கின்றன. பொத்தான் கால வேட்டையைக் கண்ட ஹிக்கின்ஸ் ஐ என்ற இனம் 1976இல் அழியும் இனமாக அறிவிக்கப்பட்டது. விஸ்கான்சினின் ஜெனோவா அரசு மீன்பண்ணையில் இன்று அதை வளர்க்கிறார்கள். மீனின் செவுளில் இளவுயிரியைப் பற்ற வைத்து ஆற்றில் விடும் முறைதான் அங்கும். பொத்தானுக்குச் சரக்கு குறையக் கூடாது என்று ஃபேர்போர்ட்டில் வளர்த்தெடுத்த அறிவு, பொத்தான் போன பிறகு மட்டிக்காகவே பயன்படுகிறது.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. மஸ்கட்டீனில் அறிவு இல்லாமல் போகவில்லை. ஸ்மித்தின் அறிக்கை 1899இலேயே இருந்தது. லெஃபெவ்ரும் கர்டிஸும் கோக்கரும் மட்டியின் முழு வாழ்வையும் விளக்கிவிட்டார்கள். ஓட்டை விரலால் அறிந்த பெப்ளியும் ஆற்றில் இறங்கி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த அறிவுக்கு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மட்டும் தரப்படவில்லை. இளவுயிரிகளைப் பெருக்கும் பொறுப்பு அதற்குக் கிடைத்தது. கொக்கியை நிறுத்தவோ, அணையில் மீனுக்கு வழிவிடவோ, சாக்கடையைத் தடுக்கவோ அதற்கு வாய்ப்பில்லை. அழிவின் வேகத்தைத் தொடாமல் மறுவளர்ப்பை மட்டும் நம்பும் எந்தத் திட்டமும், அது மட்டிக்கானதாக இருந்தாலும் மரத்துக்கானதாக இருந்தாலும் கடல் மீனுக்கானதாக இருந்தாலும், ஃபேர்போர்ட் சந்தித்த அதே எல்லையைச் சந்திக்கும். ஓர் ஊர் தன் தொழிலைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பினால், அதன் மூலப்பொருளை உயிராக அறிந்தவருக்கு ஆலையின் கணக்குப் புத்தகத்தில் கைவைக்கும் உரிமை தர வேண்டும்.